மேடைப் பேச்சு நம்மை எப்படி இணங்க வைக்கிறது? வாக்கியங்களுக்கு நடுவே நடக்கும் வேலை

"அருமையாகப் பேசினார்" என்று ஒரு தலைவரைப் பாராட்டும்போது நம் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் அவருடைய குரல், கையசைவு, இடையிடையே வந்து விழுந்த அடுக்குமொழிகள். இவற்றின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நீங்கள் ரசித்த ஒரு பேச்சின் எழுத்து வடிவத்தை எடுத்து, வாக்கியங்களின் வரிசையை மட்டும் கலைத்துப் போடுங்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, ஒரு தகவல்கூடக் குறையவில்லை. இருந்தும் படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பேசியவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் வராது.

வரிசை கலைந்ததும் தொலைந்துபோனது, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த உறவு. ஒன்று கூற்றாக இருக்கும், அடுத்தது அதற்குச் சான்றாக வரும். ஒன்று எதிராளியின் வாதத்தை ஒப்புக்கொள்ளும், அடுத்தது அதைத் தாண்டிப் போகும். ஒன்று நிலைமையைச் சொல்லும், அடுத்தது "ஆகவே இதைச் செய்யுங்கள்" என்று கேட்கும். இந்த உறவுகளின் பின்னலைத்தான் பேச்சின் கட்டமைப்பு என்கிறோம். ஒரு பேச்சு கோர்வையாக இருப்பதற்கும் அது நம்மை இணங்க வைப்பதற்கும் காரணம் இந்த ஒரே பின்னல்தான் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் தனித்தனித் திறமைகளாகப் பார்ப்பதால்தான் பலர் முதலில் விஷயத்தை எழுதிவிட்டு, பிறகு அதன்மேல் அலங்காரம் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

கேட்பவரின் நிலைமையை நினைத்துப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். புத்தகம் படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போகலாம். கூட்டத்தில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. சொன்னது காற்றோடு போய்விடும். "இப்போது எதற்காக இதைச் சொல்கிறார்?" என்ற கேள்வி அவர் மனத்தில் சில விநாடிகள் தங்கிவிட்டாலே போதும், அதற்குள் பேச்சு நாலு வாக்கியம் முன்னே போயிருக்கும். பிறகு அவர் கேட்பது வெறும் ஓசை. இழை அறுந்த பிறகு யாரும் மனம் மாறுவதில்லை.

கருவும் துணையும்

1980களில் அமெரிக்காவில் வில்லியம் மேன், சாண்ட்ரா தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த உறவுகளை ஒழுங்காக வகைப்படுத்தினார்கள். கணினியைக் கொண்டு கோர்வையான உரைநடையை எழுதவைப்பது எப்படி என்ற தேடலில் பிறந்த ஆய்வு அது. ஒரு பத்தியைக் கோர்வையாக்குவது எது என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், முதலில் மனிதர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? அவர்களுடைய கோட்பாட்டைத் தமிழில் 'சொல்லாட்சிக் கட்டமைப்புக் கோட்பாடு' எனலாம். பெயர்தான் கனமானது, விஷயம் எளியது.

எந்த உரையையும் சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை எடுத்தால் பெரும்பாலும் ஒன்று முக்கியமானதாக இருக்கும், மற்றது அதற்கு உதவ வந்ததாக இருக்கும். முக்கியமானதைக் கரு என்போம், உதவ வந்ததைத் துணை என்போம். துணை எந்த வகையில் உதவுகிறது என்பதற்குத்தான் உறவின் பெயர்: சான்று, காரணம், பின்னணி, ஒப்புக்கொள்ளல், எதிர்நிலை, நிபந்தனை, தூண்டல் என்று 20க்கும் மேற்பட்ட உறவுகளை அவர்கள் பட்டியலிட்டார்கள். சில இடங்களில் இரண்டு துண்டுகளும் சம எடையோடு நிற்பதும் உண்டு. இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரு பெரிய துண்டாகும், அது இன்னொன்றோடு சேரும், கடைசியில் பேச்சு முழுவதும் கிளை விட்ட ஒரே வரைபடமாக வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வேட்பாளர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"இந்த ஆற்றுக்கு இந்த வருஷமே பாலம் கட்டியாக வேண்டும். செலவு அதிகம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன மழையில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைப் படகில்தான் ஏற்றினோம். பாலம் இருந்தால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. நாளைக்கு நடக்கிற கூட்டத்துக்கு வாருங்கள், தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்."

இதில் முதல் வாக்கியம் கரு. இரண்டாவது ஒப்புக்கொள்ளல்: செலவைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிறார். மூன்றாவது பொதுவான காரணம். நான்காவது அதற்குக் கண்ணால் கண்ட சான்று. ஐந்தாவது, நல்ல காலம் எப்படி இருக்கும் என்ற காட்சி, அதாவது தூண்டல். ஆறாவது, கேட்டவர் செய்ய வேண்டியதை எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லிக் கையில் கொடுக்கிறது.

இப்போது துணைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். "பாலம் கட்டியாக வேண்டும், தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்" என்பது மிஞ்சும். பேச்சு மெலிந்துவிட்டது, யாரையும் அசைக்காது, ஆனாலும் அர்த்தம் இருக்கிறது. இதையே திருப்பிச் செய்யுங்கள். கருவை எடுத்துவிட்டுத் துணைகளை மட்டும் வைத்தால் செலவு, பிள்ளைகள், படகு, பிரசவம் என்று ஒட்டாத செய்திகள் சிதறிக் கிடக்கும். கேட்பவர் "எல்லாம் சரி, இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்பார். கருதான் அர்த்தம் கொடுக்கிறது, துணைதான் நம்ப வைக்கிறது. நீளமாக, உருக்கமாக, புள்ளிவிவரத்தோடு பேசியும் எடுபடாமல் போகும் பேச்சுகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் துணைகள் மலையாய்க் குவிந்திருக்கும், கருவை யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. உறவுகளை அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். காரணம், விளைவு போன்றவை உலகில் நடப்பதைத் தெரியப்படுத்துபவை. மழை பெய்தது, அதனால் வெள்ளம் வந்தது என்று கேட்பவர் புரிந்துகொண்டால் வேலை முடிந்தது. சான்று, தூண்டல், ஒப்புக்கொள்ளல் போன்றவை அப்படி அல்ல. அவை கேட்பவருக்குள் எதையாவது கூட்ட வேண்டும்: சான்று நம்பிக்கையைக் கூட்டும், தூண்டல் ஆசையைக் கூட்டும், ஒப்புக்கொள்ளல் கருவின்மேல் நல்லெண்ணத்தைக் கூட்டும். ஒரு பாடநூலில் முதல் கூட்டம் அதிகம் இருப்பதும், அரசியல் பேச்சில் முக்கியமான திருப்பங்களில் எல்லாம் இரண்டாவது கூட்டம் நிற்பதும் இயல்பு.

"ஆனால்" எங்கே விழுகிறது?

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"செலவு அதிகம், ஆனால் பிள்ளைகள் படிப்பார்கள்."
"பிள்ளைகள் படிப்பார்கள், ஆனால் செலவு அதிகம்."

தகவல் ஒன்றே. முதலாவதைச் சொன்னவர் பாலத்துக்கு ஆதரவு, இரண்டாவதைச் சொன்னவர் எதிர்ப்பு. யாரும் விளக்காமலே நமக்கு இது புரிந்துவிடுகிறது. "ஆனால்" என்பதற்குப் பின்னால் வருவது கருவாகிவிடுகிறது, முன்னால் வந்தது துணையாகச் சுருங்கிவிடுகிறது. 'என்றாலும்', 'இருந்தபோதிலும்', 'உண்மைதான்' எல்லாம் இதே வேலையைச் செய்பவை.

எதிர்வாதத்தை ஒப்புக்கொள்வது பலவீனம் என்று பலர் அஞ்சுகிறார்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் செய்வது நேர்மாறு. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் ஆட்சேபம் இருக்கிறது. அதைத் தொடாமல் எத்தனை சான்று அடுக்கினாலும் அந்த ஆட்சேபம் உள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருக்கும். பேசுகிறவரே அதை எடுத்து, நேர்மையாக, அதன் முழு எடையோடு சொல்லிவிட்டால் கேட்பவர் கை தளரும். "இவருக்கு நம் கஷ்டம் தெரிகிறது" என்ற எண்ணம் வரும். அதற்குப் பிறகு வரும் "ஆனால்" என்ற சொல்லுக்கு அவர் செவி கொடுப்பார்.

இதை உலகமே அறிந்த ஒரு பேச்சில் பார்க்கலாம். 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பேசினார். பிரான்சில் நேச நாட்டுப் படைகள் தோற்றுப்போய், டன்கிர்க் கடற்கரையிலிருந்து வீரர்கள் கப்பல்களிலும் சிறு படகுகளிலும் தப்பி வந்திருந்த நேரம். "கடற்கரைகளில் போராடுவோம்" என்ற அந்தக் கடைசிப் பகுதி மட்டும் இன்று எல்லாருக்கும் தெரியும். அது வருவதற்கு முன்னால் வெகுநேரம் அவர் செய்தது என்ன தெரியுமா? தோல்வியின் கணக்கை வாசித்தார். எந்த முனையில் எதிரி உடைத்துக்கொண்டு வந்தான், எத்தனை பீரங்கிகள் போயின, எத்தனை பேர் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

3,35,000 பேர் மீட்கப்பட்டது பெரிய செய்தி. நாடே மகிழ்ச்சியில் இருந்தது. இதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது, படையைத் திரும்ப அழைத்து வருவதால் போர்களை வெல்ல முடியாது என்று அந்த மகிழ்ச்சிக்கு அவரே அணை போட்டார். உடனே ஒரு "ஆனால்": இந்த மீட்புக்குள் ஒரு வெற்றி இருந்தது, அது விமானப் படையின் வெற்றி. பிறகு மறுபடியும் ஒரு திருப்பம்: தப்பித்துவிட்ட நிம்மதியில், நடந்தது மாபெரும் இராணுவப் பேரழிவு என்பதை மறக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளல், எதிர்நிலை, மறுபடி ஒப்புக்கொள்ளல். கெட்ட செய்தியை இவ்வளவு நேராகச் சொல்கிறவர் கடைசியில் "ஒருபோதும் சரணடைய மாட்டோம்" என்றால் அதை வாய்ச்சவடால் என்று யாரும் தள்ள முடியாது. முன்னால் சொன்ன உண்மைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஜாமீன் நிற்கின்றன.

அந்தப் புகழ்பெற்ற பட்டியலையே கூர்ந்து பாருங்கள். பிரான்சில் போராடுவோம், கடல்களில் போராடுவோம், வானில் போராடுவோம், நம் தீவைக் காப்போம், கடற்கரைகளில், படை இறங்கும் இடங்களில், வயல்களிலும் தெருக்களிலும், மலைகளில். இடங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எதிரி ஒவ்வோர் அடியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறான்! கடலைத் தாண்டிவிட்டான், கரை ஏறிவிட்டான், தெருவுக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு துண்டும் ஒரு தோல்வியைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறது. மாறாமல் நிற்பது "போராடுவோம்" என்ற வினை மட்டும். நிலம் சுருங்கச் சுருங்க உறுதி நிலைத்து நிற்கிறது. "ஒருபோதும் சரணடைய மாட்டோம்" என்பது அந்த இறக்கத்தின் அடியில் வந்து விழுவதால்தான் அத்தனை கனமாக இருக்கிறது. அதை முதல் வாக்கியமாகச் சொல்லியிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. அதோடும் அவர் நிறுத்தவில்லை. தீவே வீழ்ந்தால்கூட, கடல் கடந்த பேரரசும் கப்பற்படையும் போரைத் தொடரும், புதிய உலகம் ஒருநாள் பழைய உலகை மீட்க வரும் என்று அமெரிக்காவின் காதிலும் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பத்து வாக்கியங்களில் ஒரு பயணம்

கட்டமைப்பைக் கற்க விரும்புகிறவர் ஒரே ஒரு பேச்சைத்தான் படிக்க முடியும் என்றால், ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைப் படிக்கச் சொல்வேன். 1863 நவம்பர் 19. நான்கு மாதங்களுக்கு முன் கடும் போர் நடந்த இடத்தில், இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் நிகழ்ச்சி. மூலத்தில் பத்தே வாக்கியங்கள், ஏறத்தாழ 270 சொற்கள்.

முதல் வாக்கியம் கடந்த காலம்: எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கொள்கைக்குத் தன்னை ஒப்படைத்த ஒரு தேசம் பிறந்தது. 1863இலிருந்து 87ஐக் கழித்தால் 1776, சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு. அரசியலமைப்பு எழுதப்பட்ட ஆண்டிலிருந்து அவர் தொடங்கவில்லை, ஏனென்றால் சமத்துவம் என்ற சொற்றொடர் பிரகடனத்தில்தான் இருக்கிறது. பின்னால் கட்டப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

இரண்டாவது வாக்கியம் நிகழ்காலம்: அப்படிப்பட்ட தேசம் நிலைக்குமா என்று சோதிக்கும் உள்நாட்டுப் போரில் இருக்கிறோம். மூன்றாவது: அந்தப் போரின் ஒரு களத்தில் கூடியிருக்கிறோம். நான்காவது: அந்தக் களத்தின் ஒரு பகுதியை அர்ப்பணிக்க வந்திருக்கிறோம். கண்டம், தேசம், போர், போர்க்களம், அதில் ஒரு துண்டு நிலம் என்று பார்வை குறுகிக்கொண்டே வந்து, கேட்பவரின் காலடியில் நிற்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதின் கடைசிச் செய்தியைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதால் இழை எங்கும் அறவில்லை.

ஐந்தாவது ஒப்புக்கொள்ளல்: இப்படிச் செய்வது முறையே. ஆறாவதில் "ஆனால்". இன்னும் ஆழமாகப் பார்த்தால், இந்த நிலத்தை நம்மால் அர்ப்பணிக்க முடியாது, புனிதமாக்க முடியாது. இங்கே போராடியவர்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். கூட்டம் எதற்காகக் கூடியதோ, அதையே "நம்மால் முடியாது" என்று சொல்லிவிட்டார். ஒரு கணம் கேட்பவருக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போகிறது. அந்த வெற்றிடத்தில்தான் உண்மையான கருவை வைக்கிறார்: நிலத்தை நாம் அர்ப்பணிப்பது இருக்கட்டும், உயிரோடிருக்கும் நாம்தான் அவர்கள் பாதியில் விட்ட பணிக்கு நம்மை அர்ப்பணிக்க வேண்டும். அதன்பின் பார்வை மறுபடி விரிகிறது. மக்களால், மக்களுக்காக நடக்கும் மக்களாட்சி இந்தப் பூமியிலிருந்து அழியாது என்று உலகளவில் போய் முடிகிறது.

அன்றைக்கு முக்கியப் பேச்சாளர் லிங்கன் அல்ல. எட்வர்ட் எவரெட் என்ற புகழ்பெற்ற சொற்பொழிவாளர் அவருக்கு முன் சுமார் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். மறுநாள் அவர் லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்ச்சி அடைவேன் என்று குறிப்பிட்டார். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பெருந்தன்மையோடு சொன்ன மதிப்பீடு இது.

பெரிய அளவிலான வரிசை

இதுவரை பார்த்தது வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் உள்ள உறவு. முழுப் பேச்சுக்கும் ஒரு வரிசை உண்டு. பழைய ரோமாபுரியில் முன்னுரை, நடந்ததைச் சொல்லுதல், வாதத்தைப் பிரித்துக் காட்டுதல், நிறுவுதல், மறுத்தல், முடிவுரை என்று பிரித்துக் கற்பித்தார்கள். வழக்குமன்றத்தில் பிறந்த வரிசை என்பதால் சாட்சி வாசனை அதில் கொஞ்சம் தூக்கல். அரிஸ்டாட்டில் இதைவிடச் சுருக்கமாக, கூற்று ஒன்று, நிறுவுதல் ஒன்று, இவை இரண்டும்தான் இல்லாமல் முடியாதவை என்றார். 1930களில் ஆலன் மன்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்ன ஐந்து படிகள் இன்றும் பேச்சுப் பயிற்சிகளில் புழங்குகின்றன: கவனத்தை ஈர், குறையைக் காட்டு, தீர்வைச் சொல், தீர்வு வந்தபின் இருக்கும் நிலையைக் கண்முன் காட்டு, செயலுக்கு அழை.

நான்காவது படியைப் பலர் தாவிவிடுகிறார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை அந்தப் படியின் ஆற்றலைக் காட்டும். லிங்கன் நினைவகத்தின் முன் நின்றுகொண்டு, லிங்கனின் நடையிலேயே "நூறாண்டுகளுக்கு முன்" என்று தொடங்கி, நூறாண்டுகள் ஆகியும் கறுப்பின மக்களுக்கு விடுதலை வரவில்லை என்று குறையை அடுக்கினார். நாடு அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியைப் பணமில்லாமல் திரும்பி வந்த காசோலையாகக் காட்டினார். வெறுப்பில் இறங்கிவிடாதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். "எப்போதுதான் திருப்தி அடைவீர்கள்?" என்ற எதிராளியின் கேள்வியைத் தாமே எழுப்பிப் பதில் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகுதான் கனவு வருகிறது. எழுதிவைத்த உரையில் அந்தக் கனவுப் பகுதி இல்லை. மேடையருகே இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், "கனவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்தார். முன்பே வேறு கூட்டங்களில் பேசிப் பழகிய பகுதி என்பதால் கிங்கால் தாளை விட்டு நகர முடிந்தது. அது பொருந்தி உட்கார்ந்ததற்குக் காரணம், குறையைச் சொல்லி முடித்து, காட்சிக்காகக் காத்திருந்த இடத்தில் அது வந்து சேர்ந்ததுதான்.

கைதட்டல் எங்கே வருகிறது?

கூட்டம் கைதட்டுவது தற்செயல் என்று தோன்றும். பிரிட்டனில் ஜான் ஹெரிடேஜ், டேவிட் கிரேட்பாட்ச் என்ற சமூகவியலாளர்கள் 1981ஆம் ஆண்டுக் கட்சி மாநாடுகளில் பேசப்பட்ட 476 பேச்சுகளை ஆராய்ந்தார்கள். கைதட்டல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஏழே ஏழு சொல்லமைப்பு உத்திகளை ஒட்டி எழுந்தது. அவற்றில் முதலிடம் எதிர்நிலைக்கு: 'அது அல்ல, இது'. மூன்றாக அடுக்குவது இன்னொன்று.

இவை காதுக்கு இனிமை என்பது பாதிக் காரணம்தான். எதிர்நிலையின் முதல் பாதி வந்ததுமே இரண்டாவது பாதி எங்கே முடியும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்றின் அடுக்கில் இரண்டு வந்ததும் மூன்றாவதோடு முடியும் என்று தெரிகிறது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைதட்ட வேண்டுமானால், முடியும் இடம் ஆயிரம் பேருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கட்டமைப்பு அந்த அறிவிப்பைக் கொடுக்கிறது.

1961 ஜனவரி 20 அன்று ஜான் கென்னடி பதவியேற்றபோது பேசிய "நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், நாட்டுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள்" என்ற வாக்கியம் எதிர்நிலைக்கு உலகறிந்த உதாரணம். மேற்கோளாகச் சொல்கிறவர்கள் அதன் முதல் சொல்லை விட்டுவிடுகிறார்கள். மூலத்தில் அந்த வாக்கியம் "ஆகவே" என்ற பொருள் தரும் சொல்லோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால், நாட்டின் அழைப்பை ஏற்று உயிர்விட்ட இளைஞர்களின் கல்லறைகள் உலகெங்கும் இருக்கின்றன என்றும், இப்போது அழைப்பு நம்மை நோக்கி வந்திருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். அந்த "ஆகவே" இல்லாமல் பார்த்தால் அது சாமர்த்தியமான ஒரு வாக்கியம். அதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வாதத்தின் முடிவு.

திரும்பத் திரும்ப வரும் சொற்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆங்கிலப் பேச்சில் அவை வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவது அதிகம். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் நம் பேச்சாளர்கள் வாக்கியத்தின் முடிவைத் திருப்பிச் சொல்வதில் கைதேர்ந்தவர்கள்: "நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, சலுகை அல்ல, கருணை அல்ல" என்று மூன்று முறை தட்டிவிட்டு, "உரிமை!" என்று நிறுத்துவார்கள். மூன்றும் துணை, கடைசிச் சொல் கரு. மூன்றாவது "அல்ல" வந்தபோதே கூட்டத்தின் கைகள் மேலே வந்திருக்கும்.

சொல்லாமல் விட்டது

எல்லா உறவுகளையும் 'ஏனென்றால்', 'ஆகவே' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், கேட்பவர் மனம் தானாக ஓர் உறவைக் கட்டிவிடும். வாதத்தில் ஒரு படியைச் சொல்லாமல் விட்டு அதைக் கேட்பவரே நிரப்பும்படி செய்வதன் வலிமையை அரிஸ்டாட்டில் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். தானே கண்டுபிடித்த முடிவை யாரும் எளிதில் விட மாட்டார்கள்.

இதற்கு அண்ணாவின் ஒரு வாதம் அழகான உதாரணம். இந்தி பேசுவோர் எண்ணிக்கையில் அதிகம், ஆகவே அதுவே பொது மொழியாக வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் எங்கும் நிறைந்த காக்கையை விட்டுவிட்டு மயிலை ஏன் தேசியப் பறவையாக வைத்தோம் என்று கேட்டார். எதிராளியின் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை இன்னோர் இடத்தில் பொருத்திக் காட்டினார். "ஆகவே உங்கள் விதி தவறு" என்ற கடைசிப் படியைக் கேட்பவரின் பொறுப்பில் விட்டுவிட்டார். மறுக்க நினைப்பவர் தம் விதியைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கும்.

இதே வழிதான் ஏமாற்றுக்கும் திறந்து கிடக்கிறது. இங்கேதான் கேட்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். "நாங்கள் ஆட்சிக்கு வந்தோம். விலைவாசி இறங்கியது." இதில் "அதனால்" என்ற சொல் எங்கேயும் இல்லை. பேசியவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார்கள். நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால், "அடுத்தடுத்து நடந்ததைத்தானே சொன்னேன்" என்று நழுவிக்கொள்ளலாம். இரண்டே வழிகள் இருப்பதாகக் காட்டும் எதிர்நிலையும் அப்படித்தான். "எங்களோடு நில்லுங்கள், அல்லது நாடு அழிவதைப் பாருங்கள்" என்ற வாக்கியத்தின் அமைப்பு கச்சிதமாக இருப்பதால், மூன்றாவது வழி உண்டா என்ற கேள்வியே எழாமல் போகிறது. ஒரே ஒரு மனிதரின் கதையை ஊர் முழுவதன் நிலைமைக்குச் சான்றாக வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மேலே பார்த்த பால வேட்பாளரும் அதைத்தான் செய்தார். அந்தப் படகுப் பயணம் உண்மையாக இருக்கலாம். ஆனால் பாலம் தேவை என்பதை நிறுவ, எத்தனை பேர் எத்தனை நாள் அக்கரையில் மாட்டிக்கொள்கிறார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

நீங்களே பிரித்துப் பார்க்க

எழுத்து வடிவம் கிடைக்கும் ஒரு சிறிய பேச்சை எடுங்கள். நீளமானது வேண்டாம், முதல் முறை ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், அது எதற்காக வந்தது என்று ஒரே சொல்லில் குறியுங்கள். கூற்று, சான்று, காரணம், ஒப்புக்கொள்ளல், எதிர்நிலை, தூண்டல், அழைப்பு. இணைப்புச் சொல் வெளிப்படையாக இருக்கும் இடங்கள் எளிது. இல்லாத இடங்களில் 'ஏனென்றால்', 'ஆகவே', 'ஆனால்', 'அதற்குப் பிறகு' என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் உறவு. ஒரே இடத்தில் இரண்டு சொற்கள் பொருந்தினால் அதற்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

உங்கள் குறிப்பும் இன்னொருவர் குறிப்பும் சில இடங்களில் வேறுபடும். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களுக்கே ஒரே உரைக்கு வெவ்வேறு வரைபடங்கள் கிடைப்பது உண்டு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நட்சத்திரம் போட்ட இடங்களுக்குத் திரும்பி வாருங்கள். "வந்தோம், விலை இறங்கியது" என்பதில் 'அதற்குப் பிறகு' என்பதும் பொருந்தும், 'அதனால்' என்பதும் பொருந்தும். முதலாவதற்கு நாட்காட்டி போதும். இரண்டாவதற்கு, விலை எதனால் இறங்கியது, மற்ற இடங்களில் இறங்கியதா, அவர்கள் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டதா என்று மூன்று கேள்விகளுக்காவது பேச்சுக்குள் பதில் இருக்க வேண்டும். பேச்சின் எந்த வரியில் அந்தப் பதில் இருக்கிறது என்று தேடுங்கள்.